அடுப்பில் கருகிய ரப்பர்: சார்லஸ் குட்இயரின் கதை



225/45 ஆர்17, டபிள்யூ ரேட்டிங். கொஞ்சம் வேகமான கார்களுக்கு வர்ற டயர் சைஸ் இது. ஆன்லைனில் தட்டிப் பாருங்க. ஒரு டயர் பெரிய பெயர், பெரிய விலை. பக்கத்திலேயே இன்னொன்று, நாம கேள்வியே படாத பெயர், விலை அதில் பாதி. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். இரண்டின் பக்கவாட்டிலும் அதே டபிள்யூ, அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்ற உறுதி. ட்ரெட் டிசைன்கூடக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்புறம் எதுக்குங்க இரண்டு மடங்கு காசு?

கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. ஸ்பெக் ஷீட்டை வைத்தும் இதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் இந்த இதழில் ஒரு மனுஷனை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் காரையே பார்த்ததில்லை. கார் வருவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்னாடியே, 1860-ல் இறந்துபோனார். ஆனால் அவர் பெயரை நீங்கள் டயரில் நூறு தடவையாவது படித்திருப்பீர்கள்: சார்லஸ் குட்இயர்.

1800 டிசம்பர் 29, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். அப்பா அமாசா இரும்புச் சாமான், பட்டன் மாதிரியான பொருட்களைச் செய்து விற்றவர். மகனும் அதே வழியில் போய், 1826-ல் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹார்ட்வேர் கடை திறந்தார். கடனுக்கு நிறைய சரக்கு கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1830 வாக்கில் கடை மூழ்கியது. அந்தக் காலத்து அமெரிக்காவில் கடன் கட்டாவிட்டால் ஜெயில். அதன்பிறகு அவர் வாழ்க்கையில் ஜெயில் என்பது நமக்கு அரியர் மாதிரி, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

1834-ல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடைக்குள் நுழைகிறார். அங்கே விற்பனைக்கு இருந்த உயிர்காப்பு மிதவை ஒன்றின் வால்வு மோசமாக இருப்பதைப் பார்க்கிறார். வீட்டுக்குப் போய் அதைவிட நல்ல வால்வு செய்துகொண்டு திரும்பி வருகிறார். கடை மேனேஜர் அதைப் பாராட்டிவிட்டு ஒரு உண்மையைச் சொல்கிறார்: பிரச்சினை வால்வு இல்லை, ரப்பரே பிரச்சினை.

அப்போது அமெரிக்காவில் ரப்பர் மோகம் உச்சத்திலிருந்து சரிந்துகொண்டிருந்த நேரம். ரப்பர் செருப்பு, ரப்பர் கோட் என்று மக்கள் வாங்கித் தள்ளியிருந்தார்கள். முதல் கோடை வந்ததும் எல்லாம் பசை போல உருகி நாற ஆரம்பித்தது. குளிர்காலத்திலோ கட்டை போல விறைத்து வெடித்தது. கம்பெனிக்குத் திரும்பி வந்த சரக்கு ஆயிரக்கணக்கான டாலர். கடையில் வாங்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, அதைக் கவனிச்சுக்கோங்க.

ஏன் அப்படி உருகியது? பச்சை ரப்பர் என்பது பாலி ஐசோப்ரீன் என்ற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். ஒரு தட்டில் பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி நினைச்சுக்கோங்க. இழைகள் ஒன்றோடொன்று சிக்கியிருக்குமே தவிர ஒட்டியிருக்காது. சூடானால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும், அதுதான் உருகுவது. குளிர்ந்தால் அசையாமல் உறைந்துபோகும். இதெல்லாம் நமக்குத் தெரியும். குட்இயருக்கு எதுவும் தெரியாது. அவர் கெமிஸ்ட்ரி படித்தவர் இல்லை. அந்தக் காலத்தில் படித்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது, பாலிமர் என்ற புரிதலே அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது.

பிலடெல்ஃபியா திரும்பியதும் மறுபடி கடனுக்காக ஜெயில். மனைவி கிளாரிசாவிடம் ரப்பர் கட்டியையும் சப்பாத்தி தேய்க்கிற மாதிரியான உருளைக் கட்டையையும் கேட்டு வாங்கி, அறைக்குள்ளேயே பிசைய ஆரம்பித்தார். ரப்பர் ஒட்டுகிறது என்றால் உலர்ந்த பொடி ஏதாவது கலந்தால் ஒட்டாமல் இருக்குமே என்பதுதான் அவருடைய தியரி. வெளியே வந்ததும் மக்னீசியா கலந்தார். வெள்ளையாக, வழவழவென்று வந்தது. குடும்பமே உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ஜோடி செருப்பு செய்தது. கோடை வந்தது, எல்லாம் கூழ். சுண்ணாம்பு சேர்த்துக் கொதிக்க வைத்தார். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் பட்டால் மறுபடி பசை. ஒரு நாள் ரப்பர் மேலிருந்த வெண்கலப் பூச்சை எடுக்க நைட்ரிக் அமிலம் ஊற்றியபோது, மேற்பரப்பு மட்டும் ஒட்டாமல் மாறியது. அதைப் பிடித்துக்கொண்டு மூடிய அறையில் வேலை செய்ததில், அமில வாயு அடித்து வாரக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்.

ஆனாலும் நைட்ரிக் அமில முறை விற்பனைக்குத் தேறியது. ஒரு முதலாளியும் கிடைத்தார். உடனே 1837-ன் பொருளாதாரச் சரிவில் அந்த முதலாளி காலி! குடும்பம் ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் குடியிருந்து, கடலில் மீன் பிடித்துச் சாப்பிட்டது.

அடுத்து மாசசூசெட்ஸ். அங்கே அவருக்கு அரசாங்க ஆர்டர் ஒன்று வந்தது, தபால் துறைக்கு 150 ரப்பர் பைகள். செய்து முடித்துச் சூடான அறையில் தொங்கவிட்டு, குடும்பத்தோடு கொஞ்ச நாள் வெளியே போய்விட்டுத் திரும்பினார். பைகள் தங்கள் கைப்பிடியிலேயே தொங்க முடியாமல் உருகி விழுந்திருந்தன. அமிலம் மேல்தோலை மட்டும்தான் மாற்றியிருந்தது, உள்ளே பழைய பச்சை ரப்பரேதான்.

நம்ம இரண்டு டயருக்கு இங்கே கொஞ்சம் வருவோம். பக்கவாட்டில் உள்ள டபிள்யூ என்ற எழுத்து என்ன சோதனை தெரியுமா? ஆய்வகத்தில் ஒரு உலோக டிரம்மின் மேல் டயரை அழுத்தி, படிப்படியாக வேகம் ஏற்றி ஓட்டுவார்கள். பிய்ந்துபோகாமல் தாங்கினால் பாஸ். இது அவசியமான சோதனைதான். 200 கிலோமீட்டர் வேகத்தில் இந்த சைஸ் டயர் நொடிக்குச் சுமார் 28 சுற்று சுற்றும். ட்ரெட்டின் ஒவ்வொரு துண்டும் நொடிக்கு 28 தடவை தரையில் நசுங்கி எழும். ஆனால் அந்த டிரம்மில் தண்ணீர் இல்லை, பிரேக் இல்லை, வளைவு இல்லை. மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று அந்த எழுத்து சொல்லவே சொல்லாது. பட்ஜெட் டயரும் பிரீமியம் டயரும் இந்தப் பரீட்சையில் ஒரே மார்க். தபால் பைகளும் டெலிவரிக்கு முன்னால் பார்த்தபோது ஃபுல் மார்க்தான் வாங்கியிருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். நத்தானியல் ஹேவர்ட் என்ற தொழிலாளி ரப்பரில் கந்தகம் தூவி வெயிலில் காயவைத்தால் ஒட்டுவது குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தார். குட்இயர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். 1839 குளிர்காலம், வோபர்ன் என்ற ஊர். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. கைதவறி விழுந்தது என்பது பிரபலமான கதை. அதை வெறும் அதிர்ஷ்டமாகச் சொல்வதை குட்இயர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அஞ்சு வருஷம் ரப்பரோடவே குடும்பம் நடத்தினவன் கண்ணில்தான் அந்தத் துண்டு படும், மற்றவன் குப்பையில் போட்டிருப்பான்.

உருகியிருக்க வேண்டிய ரப்பர் உருகாமல், தோல் போலக் கருகியிருந்தது. கருகிய இடத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய விளிம்பு, கருகவும் இல்லை, ஒட்டவும் இல்லை, இழுத்தால் நீண்டது. ராத்திரி அதை வெளியே பனியில் ஆணி அடித்து மாட்டினார். காலையில் பார்த்தால் விறைக்காமல் அப்படியே வளைந்தது. சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி இருக்கிற ரப்பர்! கந்தக அணுக்கள் இடியாப்ப இழைகளுக்கு நடுவே அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டன. இழை வழுக்க முடியாது, ஆனால் முடிச்சுகளுக்கு நடுவே நீள முடியும். இதைத்தான் பிறகு வல்கனைசேஷன் என்று அழைத்தார்கள்.

சினிமாவாக இருந்தால் இதோடு சுபம் போட்டுவிடலாம். நிஜத்தில் மோசமான காலம் இதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கண்டுபிடித்தது ஒரு விளிம்பு மட்டும். எவ்வளவு கந்தகம்? என்ன சூடு? எவ்வளவு நேரம்? சூடு குறைந்தால் ஒட்டும், கூடினால் கருகும். மனைவியின் ரொட்டி அடுப்பு, கொதிக்கும் கெட்டிலின் ஆவி, பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்தபின் ஆறிக்கொண்டிருக்கும் உலை என்று எது கிடைத்தாலும் அதில் ரப்பரை வைத்துப் பார்த்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை விற்றார். அந்த நாட்களில் இரண்டு வயது மகன் இறந்தான். நல்லபடியாக அடக்கம் செய்யக்கூடக் காசில்லை. அதே நேரத்தில் பாரிஸ் நிறுவனம் ஒன்று அவருடைய பழைய நைட்ரிக் அமில முறையைப் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருந்தது. அதைவிட நல்ல முறை வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று பதில் எழுதினார். இதைப் படிக்கும்போது எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்தே வந்தது. கிளாரிசா அந்தக் கடிதத்தைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

கடைசியில் கைகொடுத்தது கம்பளி ஆலை வைத்திருந்த மச்சான் டி ஃபாரஸ்ட். அவர் போட்ட பணம் மட்டும் 46,000 டாலர் வரை போனது. 1844 ஜூன் 15-ல் அமெரிக்க பேடன்ட் எண் 3633 கிடைத்தது. அதில் இருப்பது ஒரு சமையல் குறிப்பு மாதிரி: 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு வெள்ளை ஈயம், சுமார் 270 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு. நம்ம கணக்கில் 132 டிகிரி செல்சியஸ். அடுப்பிலிருந்து அந்த நாலு எண்ணுக்கு வந்து சேர அஞ்சு வருஷம், ஒரு பிள்ளையின் உயிர்.

இரண்டு மடங்கு விலைக்கான பதில் இந்தச் சமையல் குறிப்பில்தான் இருக்கிறது. இன்றைய டயரின் ட்ரெட் கலவையில் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், சிலிக்கா, எண்ணெய், ரெசின், கந்தகம், வினையை வேகப்படுத்தும் பொருட்கள் என்று ஏராளமான சாமான். ஒரு டயரிடம் நாம கேட்கிறதே முரண்பாடான விஷயம். உருளும்போது சக்தியை வீணாக்கக் கூடாது, மைலேஜ் போகும். பிரேக் போடும்போது சக்தியை நிறைய உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் பிடிப்பு. ஒரே ரப்பர் இரண்டையும் எப்படிச் செய்யும்? உருளும்போது ரப்பர் நசுங்கும் வேகம் நொடிக்குச் சில பத்துத் தடவை. ஆனால் வழுக்கும்போது சாலையின் நுண்ணிய கற்கள் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்தும். மெதுவான அசைவில் குறைவாகவும், வேகமான அதிர்வில் அதிகமாகவும் சக்தி இழக்கிற கலவையைச் சமைத்தால் இரண்டும் கிடைக்கும்.

கார்பன் பிளாக்கை மட்டும் வைத்து இதைச் செய்வது கஷ்டம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். 1992-ல் மிச்செலின் சிலிக்கா கலவையைக் கொண்டுவந்தபோது இந்த விளையாட்டு மாறியது. ஆனால் சிலிக்காவுக்குத் தண்ணீர் பிடிக்கும், ரப்பர் பிடிக்காது. இரண்டையும் கைகோக்க வைக்க சிலேன் என்ற பொருள் வேண்டும். அந்த வினை மிக்ஸருக்குள்ளேயே, குறுகிய வெப்பநிலை எல்லைக்குள் நடக்க வேண்டும். சூடு குறைந்தால் பிணைப்பு விழாது, கூடினால் ரப்பர் அங்கேயே வேகத் தொடங்கிவிடும். அதனால் பல சுற்றாகக் கலக்க வேண்டும், நேரமும் மின்சாரமும் செலவு. குட்இயர் ரொட்டி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பட்ட அதே அவஸ்தைதான். என்ன, இப்போது சென்சார் இருக்கிறது. பட்ஜெட் டயரிலும் சிலிக்கா இருக்கலாம். எவ்வளவு, எந்தத் தரம், எவ்வளவு பொறுமையாகக் கலந்தது என்பதில்தான் வித்தியாசம். இதில் எதுவும் போட்டோவில் தெரியாது.

மழையில் தெரியும். ஐரோப்பாவில் 2012-ல் வந்த டயர் லேபிளில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுத்தார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் ஏ-க்கும் எஃப்-க்கும் வித்தியாசம் 18 மீட்டர் வரை என்பது கணக்கு. எஃப் டயர் நிற்க 60 மீட்டர், ஏ டயருக்கு 42 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ டயர் கார் நின்றுவிட்ட அந்தப் புள்ளியில் எஃப் டயர் கார் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? சீரான பிரேக்கிங் என்று எடுத்து, 18-ஐ 60-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 80-ஆல் பெருக்குங்க. கிட்டத்தட்ட 44 கிலோமீட்டர் வேகம். முன்னால் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது என்றால் இந்த எண்ணுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எல்லா பட்ஜெட் டயரும் எஃப் என்று நான் சொல்லவில்லை. தேய்மானத்தில் சில சமயம் பட்ஜெட் டயரும் ஜெயிக்கலாம். கலவை கெட்டியாக இருந்தால் தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. ஊருக்குள் 50-ல் ஓடுகிற சின்ன காருக்கு நல்ல நடுத்தர டயர் தாராளமாகப் போதும், அங்கே இரண்டு மடங்கு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. முந்நூறு குதிரைசக்தி காரை வாங்கிவிட்டு டயரில் மிச்சம் பிடிப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. எஞ்சின், பிரேக், ஏபிஎஸ் என்று அத்தனையும் தரையைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பரில்தானே!

காப்பியடிக்கும் விஷயமும் குட்இயர் கதையில் வருகிறது. பேடன்ட் வாங்கும் முன்பே அவருடைய ரப்பர் மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே தாமஸ் ஹான்காக் கைக்கு அவை கிடைத்தன. மேற்பரப்பில் மஞ்சளாகக் கந்தகப் பொடி பூத்திருந்தது, கலவையில் கந்தகம் அதிகமானால் அப்படிப் பூக்கும். ஹான்காக் சாதாரண ஆள் இல்லை, இருபது வருஷமாக ரப்பரிலேயே ஊறியவர். அவரே சோதித்துச் சோதித்து முறையைப் பிடித்துவிட்டார். 1843 நவம்பரில் விண்ணப்பமும் போட்டார். குட்இயரின் ஆங்கில விண்ணப்பம் சில வாரம் பிந்திவிட்டது. வழக்கு நடந்தது, பிரிட்டனில் குட்இயர் தோற்றார். ஹான்காக்குக்கே அத்தனை அனுபவமும் பல மாத உழைப்பும் தேவைப்பட்டன. இன்று ட்ரெட் டிசைனைக் காப்பியடிக்க ஒரு டயரும் ஒரு ஸ்கேனரும் போதும். கலவையில் என்னென்ன இருக்கிறது என்றுகூட ஆய்வகம் சொல்லிவிடும். எந்த வரிசையில், எந்தச் சூட்டில், எத்தனை நிமிஷம் கலந்தார்கள் என்பதைத்தான் சொல்லாது. இரண்டு மடங்கு விலையில் ஒரு பங்கு விளம்பரத்துக்குப் போகிறது, மறுக்கவில்லை. இன்னொரு பங்கு அந்த நிமிஷங்களைக் கண்டுபிடித்தவர்களின் சம்பளம்.

அமெரிக்காவில் அவருக்கு நீதி கிடைத்தது. 1852-ல் ட்ரென்டன் நகரில் நடந்த பேடன்ட் வழக்கில் அவருக்காக வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர், அப்போது அமெரிக்க வெளியுறவுத் துறை அமைச்சராக இருந்தவர். ஜெயித்தார்கள். ஆனால் பெரிய லாபம் பார்த்தது உரிமம் வாங்கிய செருப்புக் கம்பெனிகள், குட்இயருக்கு வந்த பங்கு சொற்பம். வந்த காசையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் மேசை நாற்காலி முதல் எல்லாமே ரப்பரில் செய்த அரங்கம் வைத்தார். 1855-ல் பாரிஸில் இன்னொன்று. அங்கேயும் கடன் கட்ட முடியாமல் ஜெயிலுக்குப் போனார். பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்த லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கத்தை ஜெயில் அறைக்குள் மகன் கொண்டுவந்து கொடுத்தான். கிளாரிசா அதைப் பார்க்க இல்லை, இரண்டு வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார்.

1860-ல் நியூ ஹேவனில் மகள் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். நியூயார்க் வந்து சேர்ந்தபோது அவள் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அங்கேயே விழுந்தவர் ஜூலை 1-ல் இறந்தார். வயது 59. விட்டுப்போனது சுமார் இரண்டு லட்சம் டாலர் கடன்.

டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியது அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1888-ல். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் ஒரு ரப்பர் கம்பெனி ஆரம்பித்தது 1898-ல். ரப்பருக்கு உயிர் கொடுத்தவர் என்ற மரியாதைக்காக அதற்கு குட்இயர் என்று பெயர் வைத்தார். அந்தக் கம்பெனிக்கும் குட்இயர் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆன்லைனில் நீங்கள் டயர் தேடும்போது அந்தப் பெயர் விலை அதிகமான வரிசையில்தான் நிற்கும்.